மயக்கமும் மணித்துளியும் – சிசேரியன் பிறப்பிலே சிசுவின் நிலை பற்றிய ஒரு நோக்கு

சிசேரியன் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட வீடுகளிலே பெரும்பாலும் எழும் வினா ஒன்றுண்டு. முழுமயக்கம் கொடுப்பார்களா, அல்லது முதுகிலே விறைப்பூசி போடுவார்களா? இவற்றுள் பிள்ளைக்குக் கெடுதியில்லாதது எது? வினா நியாயமானதே. ஆயினும் அது வினவப்படும் விதத்திலே ஓர் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. தாய்க்குக் கொடுக்கப்படும் மருந்து நஞ்சு போலச் சிசுவைச் சென்றடைகின்றது. ஆகவே, சிசுவை எவ்வளவு குறைவாகச் சென்றடைகின்றதோ அவ்வளவுக்கு அம்மருந்து சிறந்தது என்பதே அவ்வெண்ணம். கடந்த எழுபது ஆண்டுகளில் இத்துறையில் நிகழ்ந்த ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, இது பாதியளவே உண்மையென்பது புலனாகும். சிசுவின் நிலையைத் தீர்மானிப்பதில் மருந்தின் பெயரைவிட, தாயின் குருதியமுக்கமும், கருப்பை வெட்டப்பட்டபின் கழியும் மணித்துளிகளும், சத்திரசிகிச்சைக்குத் தெரிந்தெடுக்கப்படும் வாரமும் கூடிய பங்கு வகிக்கின்றன. இக்கருத்தை விளக்குவதே எமது நோக்கமாகும்.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘முழுமயக்கம்’ என நாம் குறிப்பிடுவது, நாளத்தினூடாக மருந்து செலுத்தித் தாயை உறங்கச் செய்து, தசைகளைத் தளர்த்தி, சுவாசவழியிற் குழாயொன்றைப் புகுத்தி, வாயுக்களால் அவ்வுறக்கத்தை நீடிக்கும் முறையை. ‘முதுகுவழி விறைப்பு’ என்பது, முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலே முண்ணாணைச் சூழ்ந்த திரவத்தினுள் சிறிதளவு விறைப்பு மருந்தைச் செலுத்தி, மார்பிலிருந்து கீழ்நோக்கி உணர்ச்சியை நீக்கும் முறை. 1898 இல் ஜெர்மனியின் கீல் நகரிலே ஓகஸ்ற் பீர் என்பவரால் தொடக்கிவைக்கப்பட்ட இம்முறையிலே தாய் விழித்திருப்பாள்; பிள்ளையின் முதலழுகையையும் கேட்பாள். எபிடியூரல் எனப்படும் மூன்றாவது முறை இதற்கு உறவினது; பெரும்பாலும் பிரசவவேதனையைத் தணிப்பதற்கெனத் தொடக்கப்பட்டுச் சத்திரசிகிச்சைக்கு நீடிக்கப்படுவது. அதனை இங்கு விரிக்கவில்லை.

சூல்வித்தகம் என்னும் வாயில்

எடின்பரோ நகரிலே ஜேம்ஸ் யங் சிம்சன் 1847 ஜனவரியில் ஈதரையும், அவ்வாண்டு நவம்பரில் குளோரபோமையும் பிரசவத்திற் பயன்படுத்தினார். (அதே 1847 இன் ஒக்டோபரிலேதான் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மோன்செல் என்பாரின் ஆங்கில மகப்பேற்று நூலைப் ‘பிரசவ வைத்தியம்’ எனத் தமிழாக்கி அவர் வெளியிட்டது 1857 இல். இத்துறையைத் தமிழில் எழுத முடியுமா என்ற ஐயம் அக்காலத்திலேயே தீர்க்கப்பட்டுவிட்டதென்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.) 1853 இல் விக்ரோறியா மகாராணியின் பிரசவத்தின்போது ஜோன் சுனோ குளோரபோம் கொடுத்தபின், பிரசவத்தில் மயக்கம் ஆகுமா ஆகாதா என்ற சமய வாதம் பெரிதும் ஓய்ந்தது. சிசுவுக்கு என்ன நேர்கின்றது என்ற வினாவோ அக்காலத்தில் அதிகம் எழவில்லை. தாயின் குருதிக்கும் சிசுவின் குருதிக்கும் இடையே சூல்வித்தகம் ஒரு மதில்போல நிற்கின்றது என்றே பலரும் நம்பினர். 1870 களிலே பவுல் சுவைபெல் என்னும் மகப்பேற்று மருத்துவர், தாய் சுவாசித்த குளோரபோம் சிசுவையும் அடைகின்றதென இரசாயன முறையாற் காட்டியபோதே அந்நம்பிக்கை தளர்ந்தது.

சூல்வித்தகம் மதிலன்று, வாயில். ஆனால் எல்லாவற்றுக்கும் சமமாகத் திறக்கும் வாயிலுமன்று. மூலக்கூறு சிறிதாகவும், கொழுப்பிற் கரைவதாகவும், மின்னேற்றமற்றதாகவும் இருப்பின் பொருள் எளிதிற் கடந்து செல்லும். உறங்கச் செய்யும் மருந்துகள் யாவும் மூளையின் கொழுப்பார்ந்த மென்சவ்வுகளைக் கடந்தே தொழிற்படவேண்டியவை. ஆகையால் மூளையை அடையும் மருந்து சூல்வித்தகத்தையும் கடக்கும். தாயை உறங்கவைத்துச் சிசுவை முற்றிலும் தீண்டாத மருந்தொன்றைத் தேடுவது, இயல்பிலேயே முரண்பட்ட ஒன்றைத் தேடுவதாகும். மாறாக, தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் போன்றவை மின்னேற்றமுடைய மூலக்கூறுகள். அவை வழக்கமான அளவிற் சிசுவைப் பெரும்பாலும் அடைவதில்லை. தாயின் தசைகள் முற்றாகச் செயலிழந்து கிடக்க, பிள்ளை கைகால்களை உதறிக்கொண்டு பிறப்பது இதனாலேயே.

இன்னும் வியப்பானது தயோபென்ரோன் பற்றிய செய்தி. 1930 களில் வழக்கிற்கு வந்து, பல தசாப்தங்கள் முழுமயக்கத்தின் தொடக்க மருந்தாக விளங்கிய இது, தாயின் நாளத்திற் செலுத்தப்பட்டு ஓரிரு மணித்துளிகளுக்குள் கொப்பூழ் நாளத்தின் குருதியிற் காணப்படும். அவ்வாறாயின் தாயோடு சிசுவும் உறங்கிவிடவேண்டுமே? தாயின் உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 4 மில்லிகிராம் என்ற அளவிற் கொடுக்கும்போது, சிசு பெரும்பாலும் விழிப்புடனேயே பிறக்கின்றது. காரணம் முதிர்மூலவுருவின் குருதிச்சுற்றோட்டத்திலே உள்ளது. கொப்பூழ் நாளத்தின் வழியே வரும் குருதியின் ஒரு பகுதி நேரே ஈரலினுட் சென்று, மருந்தின் கணிசமான பங்கை அங்கே விட்டுவிடுகின்றது. எஞ்சியது, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து திரும்பும் மருந்தற்ற குருதியுடன் கலந்து ஐதாகின்றது. இதற்கிடையிலே தாயின் குருதியிலும் மருந்தின் செறிவு விரைந்து வீழ்ந்துவிடுகின்றது. ஆகவே, சிசுவின் மூளையை அடையும் செறிவு உறக்கத்துக்குப் போதாததாகின்றது. இன்று பல நாடுகளிலே தயோபென்ரோனின் இடத்தைப் புறப்பபோல் பெற்றுவிட்டது. விளக்கத்தின் அடிப்படை மாறவில்லை.

ஆனால் வாயுக்களின் கதை வேறு. நைதரசன் ஒட்சைட்டும் ஆவியாகும் ஏனைய மயக்கமருந்துகளும், தாய் சுவாசித்துக்கொண்டிருக்கும் வரை இடையறாது சிசுவிடம் சேர்ந்துகொண்டேயிருக்கும். தொடக்கத்திற் கொடுக்கும் ஊசி ஓர் அலையாக வந்து போய்விட, வாயுவோ வெள்ளம்போல மணித்துளிக்கு மணித்துளி உயர்கின்றது. காலம் ஒரு காரணியாகப் புகும் இடம் இதுவே.

அப்கார் அம்மையாரின் ஐந்து அடையாளங்கள்

பிறந்த சிசுவின் நிலையை எண்ணால் மதிப்பிடும் முறையை வகுத்தவர் ஒரு மயக்கமருந்து நிபுணர் என்பது பலருக்குத் தெரியாது. நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்ஜீனியா அப்கார் 1953 இல் தமது மதிப்பீட்டை வெளியிட்டார். இதயத்துடிப்பு, சுவாசம், தசைமுறுக்கு, தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, நிறம் என்னும் ஐந்துக்கும் தனித்தனியே 0, 1, அல்லது 2 புள்ளிகள், மொத்தம் 10. பிறந்து ஒரு மணித்துளியில் இது கணிக்கப்பட்டது. ஐந்தாம் மணித்துளியில் மீண்டும் கணிக்கும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. அம்முதற் கட்டுரையிலேயே அவர் தமது அளவுகோலைச் சிசேரியன் பிறப்புக்களிற் பயன்படுத்தி, முதுகுவழி விறைப்பிற் பிறந்த சிசுக்கள் முழுமயக்கத்திற் பிறந்தவற்றைவிட உயர்ந்த புள்ளிகள் பெற்றதைக் காட்டினார். இன்று வீடுகளில் வினவப்படும் வினாவுக்குரிய முதல் விடை அதுவே எனலாம்.

அவ்விடை தவறன்று. ஆனால் அப்கார் புள்ளி எதனை அளக்கின்றது? அழுகிறதா, அசைகிறதா, சிவந்திருக்கிறதா என்பனவற்றையே. வாயுவினால் அரையுறக்கத்திற் பிறக்கும் சிசு இவற்றிற் பின்தங்குவது இயல்பு. அதன் நுரையீரலுக்குச் சிறிதுநேரம் காற்றூட்டினால், உட்சென்ற வாயு சென்ற வழியே வெளியேறிவிடும். ஐந்தாம் மணித்துளியிலே வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். உறக்கமும் ஒட்சிசன் பஞ்சமும் பார்வைக்கு ஒத்தவை; உள்ளே அவை வெவ்வேறானவை. பின்னதை அறிவதற்குக் கொப்பூழ்நாணின் குருதியை எடுத்து அதன் அமிலத்தன்மையை அளக்கவேண்டும். ஒட்சிசன் போதாத இழையங்கள் இலற்றிக் கமிலத்தைத் தோற்றுவிக்க, குருதியின் பீ.எச். பெறுமானம் வீழும். கொப்பூழ் நாடியில் அது வழமையாக 7.25 அளவில் அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும், 7.0 இற்குக் கீழே சென்றாலே மூளைக்கு ஊறு நேரும் அச்சம் வலுவடைகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கியபோது எதிர்பாராத முடிவொன்று கிட்டியது. 2005 இல் லண்டனைச் சேர்ந்த றெனோல்ட்ஸ், சீட் ஆகிய இருவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தபோது, முதுகுவழி விறைப்பிற் பிறந்த சிசுக்களின் கொப்பூழ்க் குருதி, முழுமயக்கத்திற் பிறந்தவற்றினதைவிடச் சற்றுக் கூடிய அமிலத்தன்மை கொண்டிருந்தது. உரத்து அழும் பிள்ளையின் குருதி, சோர்ந்து கிடக்கும் பிள்ளையின் குருதியைவிட அமிலமாக இருப்பதா? வேறுபாடு சிறியது; பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் தீங்கு விளையவில்லை. எனினும் மருந்து குறைவாகச் சென்றால் சிசு நலமாயிருக்கும் என்ற எளிய எண்ணத்துக்கு இது நேர்மாறானது. முதுகுவழி விறைப்பிற் பயன்படும் புப்பிவாக்கேயின் 10 முதல் 12 மில்லிகிராம் அளவினது. அதிலே சிசுவை அடைவது அற்பத்திலும் அற்பம். அமிலம் அம்மருந்திலிருந்து வரவில்லை. பின் எங்கிருந்து வந்தது?

செம்மறியாடு சொன்னதும் தாய்மார் சொன்னதும்

நிறைமாதத்திலே கருப்பையினூடாக மணித்துளிக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் வரை குருதி பாய்கின்றது. தாயின் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அது. மூளையும் சிறுநீரகமும், அமுக்கம் குறைந்தால் தமது குழாய்களை விரித்துப் பாய்ச்சலைக் காத்துக்கொள்ள வல்லவை. கருப்பைக்கு அவ்வாற்றல் பெரும்பாலும் இல்லை. அதன் குழாய்கள் ஏற்கெனவே முழுதும் விரிந்துள்ளன. தாயின் அமுக்கம் வீழ்ந்தால் சூல்வித்தகத்தின் குருதியும் அதேயளவு வீழும்.

முதுகுவழி விறைப்பு மருந்து உணர்ச்சி நரம்புகளை மட்டும் அடக்குவதில்லை; குருதிக்குழாய்களை இறுக்கிவைக்கும் பரிவு நரம்புகளையும் அடக்குகின்றது. கால்களிலும் வயிற்றிலும் குழாய்கள் விரிந்து, குருதி அங்கே தேங்குகின்றது. இத்துடன், மல்லாந்து கிடக்கும் கர்ப்பிணியின் நிறைந்த கருப்பை கீழ்ப்பெருநாளத்தை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் குருதியைத் தடுக்கின்றது. முற்காப்பு இல்லாதவிடத்துப் பெரும்பாலான தாய்மாரில் அமுக்கம் வீழ்வது இதனாலேயே. தாய்க்குக் குமட்டலும் மயக்கவுணர்வும் உண்டாகின்றன. சிசு ஓசையின்றி ஒட்சிசனை இழக்கின்றது. சத்திரசிகிச்சை மேசையை இடப்புறம் 15 பாகை சரிக்கும் வழக்கம் இதற்காகவே வந்தது. (அச்சரிவு பெருநாளத்தைப் போதியளவு விடுவிப்பதில்லையென 2015 இல் யப்பானிய ஆய்வாளர் காந்தப் படங்களாற் காட்டினர். அமுக்கம் மருந்தினாற் செவ்வனே பேணப்படும் நலமான தாய்மாரிலே சரிவினாற் சிசுவின் அமிலநிலை மாறவில்லையென 2017 இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஆயினும் வழக்கம் நீடிக்கின்றது, நீடிப்பதிற் கேடுமில்லை.)

வீழ்ந்த அமுக்கத்தை உயர்த்துவதற்கு எம்மருந்து? இவ்வினாவின் வரலாறு இத்துறையிற் கற்றோர் அனைவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1974 இல் சான் பிரான்சிஸ்கோவில் றல்ஸ்ரன், சினைடர் முதலியோர் சினையுற்ற செம்மறியாடுகளில் நிகழ்த்திய பரிசோதனையில், குழாய்களை நேரே இறுக்கும் மருந்துகள் கருப்பையின் குருதிப் பாய்ச்சலைக் குறைத்தன, எபெட்ரின் குறைக்கவில்லை. தருக்கம் தெளிவானது: பாய்ச்சலைக் காக்கும் மருந்தே சிசுவைக் காக்கும் மருந்து. அடுத்த கால் நூற்றாண்டும் அதற்கு மேலும் எபெட்ரினே முதன்மை மருந்தாகப் பாடநூல்களில் நிலைத்தது. மகப்பேற்று மயக்கத்திலே குழாயை இறுக்கும் பீனைலெபிரினைத் தொடுவது பிழையென மாணவர் கற்பிக்கப்பட்டனர்.

தாய்மாரிலேயே ஆராய்ந்தபோது படம் மாறியது. ஹொங்கொங்கின் சீனப் பல்கலைக்கழகத்தில் நான் கீ முதலியோர் தொடர்ந்து நடத்திய ஆய்வுகளிலே, எபெட்ரின் பெற்ற தாய்மாரின் சிசுக்களே கூடிய அமிலத்தன்மை கொண்டிருந்தன. 104 தாய்மாரைக் கொண்டு அவர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தையும் வெளிப்படுத்தியது. எபெட்ரின் சூல்வித்தகத்தை எளிதாகக் கடந்து, சிசுவின் குருதியிலே தாயினதற்குச் சமமான, சற்றுக் கூடியதுமான செறிவை அடைந்தது. பீனைலெபிரினோ தாயின் செறிவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்களவே சென்றது. உட்புகுந்த எபெட்ரின் சிசுவின் உடற்றொழிலைத் தூண்டி, ஒட்சிசன் செலவைக் கூட்டி, இலற்றிக் கமிலத்தைப் பெருக்கியது. பாய்ச்சலை மட்டும் அளந்த ஆட்டுப் பரிசோதனையில் இது புலப்படவில்லை. அப்பரிசோதனையின் அளவீடு பிழையன்று. அதற்கு விடப்பட்ட வினாவே குறுகியது.

2018 இல் வெளியான சர்வதேசக் கருத்தொருமிப்பு அறிக்கை, முதுகுவழி விறைப்புச் செலுத்திய உடனேயே பீனைலெபிரினைத் தொடர்ச்சியாகச் செலுத்தி, அமுக்கம் வீழ்ந்தபின் உயர்த்துவதைவிட வீழாமற் காப்பதையே பரிந்துரைத்தது. பீனைலெபிரின் தாயின் இதயத்துடிப்பை மந்தமாக்கும் குறையுடையதாகையால், 2015 தொடக்கம் நோரதிரனலினும் ஆராயப்பட்டு வருகின்றது. நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புவது யாதெனில், முழுமயக்கமா விறைப்பா என்ற பெரிய வினாவுக்குள்ளே, அமுக்கம் எவ்வாறு பேணப்பட்டது என்ற சிறிய வினா ஒளிந்திருந்தது; முன்னதற்கென எண்ணப்பட்ட விடையின் ஒரு பகுதி உண்மையிலே பின்னதற்குரியது. 2012 இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு, தாய்க்கும் சிசுவுக்கும் நேரும் பெருந்தீங்குகளைப் பொறுத்தவரை ஒரு முறை மற்றதைவிட மேலானதென நிறுவப் போதிய சான்று இல்லையென்றே முடிவு கூறியது.

இரு கடிகாரங்கள்

சத்திரசிகிச்சை அறையிலே இரு கடிகாரங்கள் ஓடுகின்றன. மயக்கம் தொடங்கியது முதல் சிசு வெளிவரும் வரை ஓடுவது ஒன்று. கருப்பையிற் கத்தி பட்டது முதல் சிசு வெளிவரும் வரை ஓடுவது மற்றொன்று. இவ்விரண்டாவதன் முக்கியத்துவத்தை வலியுறுத்தியோரில் முன்னணியில் நின்றவர் பேர்மிங்காமின் செல்வின் குறோபேட். 1981 இல் பொஸ்ரன் நகரிலிருந்து தத்தா முதலியோர் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் தெளிவாகப் பிரித்தது. முழுமயக்கத்திலே முதற் கடிகாரம் 8 மணித்துளிகளைத் தாண்டினாலும், இரண்டாவது 3 மணித்துளிகளைத் தாண்டினாலும், குறைந்த அப்கார் புள்ளியும் அமிலத்தன்மையும் கூடின. முதுகுவழி விறைப்பிலே அமுக்கம் வீழாதிருந்தால், முதற் கடிகாரம் நீண்டும் சிசுவுக்கு ஊறில்லை. ஆனால் இரண்டாவது 3 மணித்துளிகளைத் தாண்டியபோது அங்கும் அமிலத்தன்மை கூடியது.

இம்முடிவின் பொருள் ஆழமானது. முதற் கடிகாரத்தின் கேடு வாயுக்களின் வெள்ளத்திலிருந்து வருவது. வாயு இல்லாதவிடத்து அக்கேடும் இல்லை. இரண்டாவதன் கேட்டுக்கு மயக்கத்தோடு தொடர்பில்லை. வெட்டப்பட்டுக் கையால் தொடப்படும் கருப்பை சுருங்குகின்றது; அதன் நாடிகள் இறுகுகின்றன; நாண் நசுங்கலாம்; சூல்வித்தகம் விலகத் தொடங்கலாம். முன்னைய சத்திரசிகிச்சையின் தழும்பு ஒட்டியிருத்தல், சிசு குறுக்காகக் கிடத்தல், தலை இடுப்பெலும்பிலே ஆழ இறங்கியிருத்தல் என்பன இக்கணங்களை நீட்டும். இங்கு சிசுவின் நலன் மயக்கமருந்து நிபுணரின் கையிலன்றிச் சத்திரசிகிச்சை நிபுணரின் விரல்களிலேயே தங்கியுள்ளது. முழுமயக்கம் கொடுக்கப்படுமிடத்து, தாய் விழித்திருக்கும்போதே வயிற்றைத் துடைத்துத் துணி விரித்து, கத்தியைக் கையிலெடுத்த பின்னரே ஊசியைச் செலுத்தும் வழக்கத்தின் காரணமும் இதனால் விளங்கும். தாய்க்கு அச்சமூட்டும் காட்சிதான். முதற் கடிகாரத்தைக் குறுக்குவதற்கு அதைவிடச் சிறந்த வழி காணப்படவில்லை.

சிசுவைக் காக்கவென மயக்கத்தை மெலிதாக்குவதற்கும் ஒரு விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பவள் தாய். தசைகள் தளர்க்கப்பட்டு, அசையவோ குரலெழுப்பவோ இயலாத நிலையிலே, உள்ளே விழித்துக்கொள்ளும் அவலம் சிசேரியனில் ஏனைய சத்திரசிகிச்சைகளிலும் பன்மடங்கு கூடியது. 2014 இல் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நிகழ்ந்த பெருங்கணக்கெடுப்பு, முழுமயக்கங்கள் அனைத்தையும் சேர்த்து ஏறத்தாழ 19,000 இல் ஒன்றில் இது முறையிடப்பட்டதெனவும், முழுமயக்கத்திலான சிசேரியனில் 670 இல் ஒன்றிலெனவும் மதிப்பிட்டது. சிசு பற்றிய ஆய்வுகளின் அட்டவணைகளில் இத்தாய்மாருக்கு ஒரு நிரல் கிடையாது.

அவசரவேளை

சிசுவின் இதயத்துடிப்பு திடீரென வீழ்ந்து எழாதபோது, முழுமயக்கத்தை விறைப்பைவிடச் சில மணித்துளிகள் முன்னதாகத் தொடங்கலாம். கொப்பூழ்நாண் முன்னே நழுவி நசுங்கும்போதும், கருப்பை கிழியும்போதும் அம்மணித்துளிகள் விலைமதிப்பற்றவை. தாயின் இதயமே நின்றுவிட்டால் நான்காம் மணித்துளியிலே சத்திரசிகிச்சையைத் தொடங்கி ஐந்தாவதிற் சிசுவை எடுக்கவேண்டுமென 1986 இல் காற்ஸ் முதலியோர் வகுத்த நெறி இன்றும் மேற்கோளாக உள்ளது.

ஏனைய அவசரங்களிற் கடிகாரம் அவ்வளவு கொடியதன்று. தீர்மானித்து 30 மணித்துளிகளுக்குள் பிரசவிக்கச் செய்யவேண்டுமென்ற நியமம் உலகெங்கும் ஓதப்படுகின்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நிகழ்ந்த 17,780 பிறப்புக்களை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஆய்விலே, 15 மணித்துளிகளுக்குட் பிறந்தவற்றுக்கும் 16 முதல் 75 வரையான மணித்துளிகளிற் பிறந்தவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 75 ஐத் தாண்டியபோதே தாய்க்கும் சிசுவுக்கும் தீங்கு கூடியது. இதனைச் சோம்பலுக்கு அனுமதியாகக் கொள்ளலாகாது. ஆயினும், முதுகிலே ஊசி செலுத்துவதற்கு ஆகும் சில மணித்துளிகளுக்கு அஞ்சி, எல்லா அவசரங்களிலும் முழுமயக்கத்தை நாடவேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஏனெனில் முழுமயக்கத்தின் பேராபத்து தாய்க்கே உரியது. இரைப்பையின் அமிலம் நுரையீரலுட் புகும் கேட்டை 1946 இல் நியூயோர்க்கின் மெண்டல்சன் 44,016 கர்ப்பங்களில் 66 தடவை கண்டு விவரித்தார். சுவாசக்குழாயிற் குழாயைப் புகுத்த இயலாமற்போதல் மற்றொரு கேடு. வருமானங் குறைந்த, இடைத்தர நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான ஆய்வு, விறைப்போடு ஒப்பிடுகையில் முழுமயக்கத்திலே தாய் இறக்கும் வாய்ப்பு 3.3 மடங்கும், சிசு இறக்கும் வாய்ப்பு 2.3 மடங்கும் எனக் கணித்தது. இவ்வெண்களை அப்படியே ஏற்பது தகாது. குருதி பெருகி உயிர் ஊசலாடும் தாய்க்கே பெரும்பாலும் முழுமயக்கம் தெரிவுசெய்யப்படுகின்றது. நோயின் கொடுமை முறையின்மீது ஏற்றப்படுகின்றது. ஆனால் மறுபுறமும் உண்டு. பயிற்சி பெற்ற மயக்கமருந்து நிபுணர் இரவிலே இல்லாத வைத்தியசாலையில், தெரிவு என்பதே பொருளற்ற சொல். அங்கு எம்முறை கையாளப்படும் என்பதைத் தீர்மானிப்பது விஞ்ஞானமன்று, ஆளணிப் பங்கீடு.

பெற்றோரை வாட்டும் இன்னுமோர் ஐயத்தையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். மயக்கமருந்து பிள்ளையின் பிற்கால அறிவாற்றலைக் குறைக்குமா? அமெரிக்காவின் மின்னசோற்றா மாநிலத்தில் 1976 இற்கும் 1982 இற்கும் இடையிற் பிறந்த 5,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து நோக்கி 2009 இல் வெளியான மேயோ மருத்துவ நிலைய ஆய்வு, முழுமயக்கச் சிசேரியனிற் பிறந்தோரிடம் கற்றற்குறைபாடு இயல்பான பிரசவத்திற் பிறந்தோரிலும் கூடுதலாக இல்லையெனக் கண்டது.

வாரமும் முகூர்த்தமும்

இதுவரை மணித்துளிகளைப் பற்றிப் பேசினோம். அவசரமற்ற சிசேரியனிலே சிசுவுக்கு இவற்றைவிடப் பெரிய காலக்கணக்கு ஒன்றுண்டு. கருப்பையினுள் சிசுவின் நுரையீரல் காற்றறைகள் திரவத்தால் நிரம்பியிருக்கும். அத்திரவத்தைச் சுரந்துகொண்டிருந்த மேலணிக் கலங்கள், பிரசவம் நெருங்கும்போது, சோடியம் அயன்களை உறிஞ்சித் திரவத்தை அகற்றுவனவாக மாறுகின்றன. பிரசவவேதனையின்போது சிசுவின் குருதியிற் பெருகும் அதிரனலினே இம்மாற்றத்தை முடுக்கிவிடுகின்றது. வேதனை தொடங்குமுன் வெட்டியெடுக்கப்படும் சிசுவுக்கு அம்முடுக்கம் கிட்டுவதில்லை. ஈரமான நுரையீரலோடு பிறந்து, விரைவிரைவாக மூச்சுவாங்கும் பிள்ளைகளை எந்த மகப்பேற்று விடுதியிலும் காணலாம்.

எத்தனை வாரத்தில் எடுக்கப்படுகின்றது என்பது இங்கே தீர்மானமானது. கேம்பிரிட்ஜில் மொறிசன் முதலியோர் 1995 இல் வெளியிட்ட ஆய்விலே, வேதனை தொடங்குமுன் செய்யப்பட்ட சிசேரியனில் சுவாசக்கோளாறுற்ற சிசுக்களின் எண்ணிக்கை 37 ஆம் வாரத்தில் ஆயிரத்துக்கு 73.8 ஆகவும், 38 இல் 42.3 ஆகவும், 39 இல் 17.8 ஆகவும் இருந்தது. இரு வாரங்களில் நான்கிலொரு பங்காகக் குறையும் ஒரு கேடு! மயக்க முறையை மாற்றுவதால் இத்தகைய பயன் எங்கும் காட்டப்படவில்லை.

எமது நாட்டிலும் தமிழகத்திலும் சிசேரியனுக்கு நாளும் நட்சத்திரமும் பார்த்து வருவோர் உளர். சோதிடர் குறித்த முகூர்த்தம் 39 வாரம் நிறைந்தபின் பகல் பத்து மணிக்கு அமையுமாயின் அதனால் ஒரு தீங்குமில்லை. மருத்துவர் புன்னகையோடு இசைந்துவிடலாம். 37 ஆம் வாரத்தில் அமையுமாயின், பிள்ளையின் சாதகத்திலே எழுதப்படாத ஒரு கிரகத்தை நாமே அதன் நெஞ்சில் ஏற்றுகின்றோம். ஆயினும் பழியைச் சோதிடர் மீது மட்டும் சுமத்துவதற்கில்லை. அமெரிக்காவிலே டீற்றா முதலியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவக் காரணம் எதுவுமின்றி, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்பட்ட 13,258 மறு சிசேரியன்கள் ஆராயப்பட்டன. சுவாசக்கோளாறு, கிருமித்தொற்று, தீவிர சிகிச்சை முதலியவற்றுள் ஏதேனுமொன்றுக்கு ஆளான சிசுக்கள் 37 ஆம் வாரத்தில் 15.3 சதவீதம், 38 இல் 11.0 சதவீதம், 39 இல் 8.0 சதவீதம். அச்சத்திரசிகிச்சைகளில் 35.8 சதவீதமானவை 39 வாரம் நிறையுமுன்னரே நடந்திருந்தன. அங்கே நாள் குறித்தது பஞ்சாங்கமன்று, மருத்துவரின் நாட்குறிப்பு.